அலையாத்திக் காட்டை விரிவாக்குகிறோம் என்றால், எதை விரிவாக்குகிறோம்?

உப்பனாறு:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நடவு நிகழ்ச்சிக்குப் போனேன். கடலூர் பக்கம் ஒரு கழிமுகச் சேற்றுத் திடல். ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. பனியன், தொப்பி, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. நான் நட்டது நாற்பது சுரபுன்னை. முருங்கைக்காய் போல நீண்ட பச்சை விதை. கூர்முனையைச் சேற்றில் ஒரு சாண் இறக்கினால் நின்றுவிடும். பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். மூங்கில் குச்சிகள் வரிசை மாறாமல் நிற்கின்றன. குச்சி முழுக்க ஒட்டிப் பிடித்த கொட்டலசு ஓடு. செடி ஒன்றுகூட இல்லை. நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "இந்த இடத்துல எந்தக் காலத்துல தம்பி மரம் இருந்துச்சு, நீங்க நட்டதும் வர்றதுக்கு?" என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அலையாத்தி மரங்கள் கடல் நீரில் வளர்பவைதான், ஆனால் எந்நேரமும் நீரில் நிற்பவை அல்ல. ஓதம் ஏறும்போது நனைய வேண்டும், இறங்கும்போது வேர் மூச்சு விட வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே, அதிலும் மேல் பாதியில்தான் அவற்றின் இடம். நாங்கள் நட்ட திடல் அதற்கும் கீழே இருந்தது. பாதி நாளுக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும் இடம். இதைச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை. வேலை சுலபம், இடம் காலி, யாருக்கும் பட்டா இல்லை. அதனால் அங்கே நட்டோம்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் மத்திய அரசு மிஷ்டி திட்டத்தை அறிவித்தது. நாடு முழுக்க 540 சதுர கி.மீ. அலையாத்தி என்பது இலக்கு. அதே ஆண்டு மாநில பட்ஜெட்டில் நெய்தல் மீட்சி இயக்கம், உலக வங்கி உதவியோடு 2,000 கோடி ரூபாய். மனதார வரவேற்கிறேன். கடல் மட்டம் ஏறுகிறது, புயல் வலுக்கிறது, கரையோரத்தில் இருக்கும் நமக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தை நட்ட கன்றின் எண்ணிக்கையை வைத்து அளந்தால், நான் பார்த்த மூங்கில் குச்சிகள்தான் ஊருக்கு ஊர் நிற்கும்.

மீட்பில் நிஜமாகவே கை வைத்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். காடு எங்கே திரும்பி வந்தது, எதனால் வந்தது?

—

சுரபுன்னை_கிள்ளை:

உப்பனாறு அண்ணே, எங்கள் ஊரில் திரும்பி வந்தது. என் அப்பா 90களில் பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டப் போனவர். நானும் சிறுவனாகச் சோறு கொண்டு போயிருக்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய பழக்கம் ஒன்று, சுதந்திரத்துக்குப் பின்னும் சில பத்தாண்டு ஓடியது: காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூறை மொத்தமாக வெட்டுவது, விறகுக்கு. மீண்டும் தானாக முளைக்கும் என்று கணக்கு. முளைக்கவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. சேறு காய்ந்து அமுங்கி, நடுவில் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வரும் கடல் நீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிக் காயும். அடுத்த ஓதம், மறுபடி காயும். இப்படியே உப்பு ஏறி ஏறி, கோடையில் போனால் தரை வெள்ளையாகப் பூத்திருக்கும். காலை வைத்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வரும். ஓரத்தில் உமரி மட்டும் சிவப்பாகப் படர்ந்திருக்கும். வேறு ஒரு புல் கிடையாது.

அந்த நிலத்தில் செடி நட்டுப் பார்த்தார்கள், கருகியது. அப்புறம்தான் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து வேறு வழிக்கு வந்தார்கள். தாம்பாளத்தின் நடுவிலிருந்து ஆற்று வரை ஒரு முதன்மை வாய்க்கால். அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும், பெயரும் அதுதான். வாய்க்கால் மேலே அகலம், கீழே குறுகல். நேராக வெட்டினால் சேறு ஒரே மழையில் சரிந்துவிடும். வெட்டிய மண்ணைக் கரையில் குவிக்கக் கூடாது என்று அப்பாவைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. குவித்தால் அதுவே வரப்பாகித் தண்ணீரைத் தடுக்கும்.

இந்தக் காட்டில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அரை முழம் தப்பினால் தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அதனால் வெட்டுவதற்கு முன் மட்டம் பார்ப்பதுதான் பெரிய வேலை.

வாய்க்கால் திறந்ததும் முதலில் நடந்தது என்ன தெரியுமா? செடி வரவில்லை. நண்டு வந்தது. வற்றத்தில் தரை முழுக்க நண்டு வளை. ஒரு மழை கழிந்ததும் உப்பு இறங்கிவிட்டது. பிறகு வெண்கண்டல் விதையை வாய்க்கால் ஓரமாக ஊன்றினார்கள். பெரிய மொச்சை அளவு விதை; தண்ணீரில் கிடந்தால் தோல் தானாகக் கழன்று இரண்டு நாளில் வேர் நீட்டும். ஆற்றில் மிதந்து வந்த விதைகளும் உள்ளே புகுந்து தாமாகவே முளைத்தன. 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் காடு சுமார் 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். படம் பார்க்காமலேயே எங்களுக்குத் தெரியும். அப்பா வெட்டிய இடத்தில் இப்போது படகை நிறுத்தினால் மறுபக்கம் தெரியாது.

எங்கள் ஊர்க் காடு தானாகக் கெடவில்லை, தானாக வளரவும் இல்லை. அந்த வாய்க்கால்களில் சேறு சேரும். தூர்வாராவிட்டால் சில வருடத்தில் பழையபடி தாம்பாளம்தான். நடவுக்குப் பணம் வருகிறது, தூர்வாரப் பணம் வருவதில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் குறை இதுதான்.

—

தென்றல்_வகுப்பறை:

நான் பள்ளி ஆசிரியை. அலையாத்தி சுனாமியைத் தடுத்தது என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்கிறேன். உண்மைதானா? யாராவது தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

—

அலையளவு:

ஆசிரியை அவர்களே, நான் கடலோரப் பொறியியல் படித்தவன், அலையை அளப்பதுதான் தொழில். நல்ல கேள்வி.

2004க்குப் பிறகு கடலூர் மாவட்டத்தை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குக்கிராமங்களை வைத்து இன்னொரு ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது. உலகம் முழுக்க அது பரவியது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த 18 ஊர்களின் தரவை வேறு சிலர் எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காடு இருந்த இடங்கள் இயல்பாகவே கடலுக்கு உள்ளடங்கி இருந்தவை. ஆகவே சுனாமியைப் பொறுத்தவரை "ஓரளவு உதவும்" என்று சொல்லுங்கள். "தடுக்கும்" என்று சொல்லாதீர்கள். மரம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு குடும்பம் வெளியேறாமல் இருந்துவிட்டால் அது பெரும் தவறாகிவிடும்.

புயலும் அன்றாட அலையும் வேறு கதை. அங்கே சான்று வலுவானது. 100 மீட்டர் அகலக் காடு காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது. புயலில் பொங்கும் நீர்மட்டத்தை ஒரு கி.மீ. அகலக் காடு 5 முதல் 50 செ.மீ. வரை தணிக்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், மரம் எவ்வளவு அடர்த்தி, தரை எவ்வளவு சாய்வு, நடுவில் வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று எல்லாமே சேர்ந்துதான் தீர்மானிக்கும். நாலு வரிசை மரம் நட்டுவிட்டு "உயிர்வேலி" என்று பலகை வைப்பதில் ஒன்றும் ஆகாது. அகலம் வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் பேச வேண்டும், பலர் இதைத் தொடுவதே இல்லை. காட்டின் வேர்கள் வண்டலைப் பிடித்து வைத்துத் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும். கடல் மட்டம் ஏறினாலும் கூடவே ஏறிக்கொள்ள அவற்றால் முடியும். முடியாத இடத்தில் நிலத்தின் பக்கமாக நகர்ந்துவிடும், விதை உள்ளே போய் முளைக்கும். இதுதான் பல ஆயிரம் ஆண்டுகளாக நடந்தது. இன்று நகர இடம் எங்கே? பின்னால் சாலை, கரை, இறால் குட்டை. முன்னால் கடல். நடுவில் மாட்டிக்கொண்ட காடு குறுகிக்கொண்டே போய் ஒரு நாள் இல்லாமல் போகும். "விரிவாக்கம்" என்று சொல்லும்போது கடலை நோக்கிச் சேற்றுத் திடலில் விரிவாக்காதீர்கள், நிலத்தை நோக்கி விரிவாக்குங்கள் என்பதுதான் நான் எங்கே போனாலும் கேட்பது.

—

பாமணியாறு:

நிலத்தை நோக்கி என்றதும் எழுதத் தோன்றியது. நான் முத்துப்பேட்டைக்காரன்.

எங்கள் பக்கத்துக் காப்புக்காடு லகூனையும் வெற்றுத் திடலையும் சேர்த்து ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். பெரிய காடுதான், ஆனால் பிச்சாவரம் போலப் பல வகை மரம் கிடையாது. எங்கே பார்த்தாலும் வெண்கண்டல் ஒன்றே. இலையைப் பறித்து நாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும், அவ்வளவு உப்பையும் குடித்து வெளியே தள்ளிப் பிழைக்கும் மரம் அது. மற்றவற்றால் அப்படிப் பிழைக்க முடியவில்லை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கி, மரக்காக்கோரையாறு எல்லாம் காவிரியின் கடைசி வாய்கள். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கடைமடைக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்தது, வண்டலும் குறைந்தது. வயலுக்கே தண்ணீர் போதாதபோது காட்டுக்கு யார் விடுவார்கள்? நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், வயலை நிறுத்திக் காட்டுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அலையாத்தித் திட்டம் தீட்டுகிறவர்கள் நீர்வளத்துறையோடு உட்கார்ந்து பேசினார்களா என்று ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? கழிக்கு உப்பு நீர் கடலில் இருந்து வரும், நல்ல நீர் ஆற்றில் இருந்துதான் வரவேண்டும்.

மீன் முள் வாய்க்காலைப் பற்றிக் கிள்ளைத் தம்பி சொன்னது அருமை. எங்கள் ஊரில் அதற்கும் முன்பே ஒரு பழக்கம் உண்டு. வாய்க்கால் மீன்பிடி என்போம். காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி வைப்பார்கள். ஓதத்தோடு மடவையும் இறாலும் கொடுவாவும் உள்ளே போகும், வற்றத்தில் திரும்பும்போது பிடிப்பார்கள். மீனுக்காக வெட்டினார்கள். ஆனால் அந்த வாய்க்கால் ஓரங்களில் மட்டும் மரம் செழித்து நின்றது. வருடா வருடம் தூர்வாரியதும் மீன்காரர்களே, மீன் வேண்டுமே! தூர்வாரப் பணம் வருவதில்லை என்று தம்பி வருத்தப்பட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாய்க்காலால் வயிறு நிறைகிறவன் இருந்தால் வாய்க்கால் தூராது.

கஜா வந்த ராத்திரி, 2018 நவம்பர் 16, மறக்க முடியாது. விடிந்து பார்த்தால் தென்னை ஒன்று நிற்கவில்லை. காட்டுக்குப் படகில் போனோம். பச்சை என்பதே இல்லை. இலை உதிர்ந்து, கிளை முறிந்து, தீப்பிடித்து அணைந்தது போல நின்றது. ஒரு வருடம் கழித்துப் போனபோது ஓதம் நன்றாகப் புரளும் வாய்க்கால் ஓரங்களில் துளிர்த்திருந்தது. தண்ணீர் தேங்கும் உள்பக்கம் நிறைய மரம் நின்ற நிலையிலேயே செத்திருந்தது. ஒரே புயல், ஒரே மரம்.

—

குப்பத்துப்_பிள்ளை:

எல்லோரும் கழி இருக்கும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் சென்னைக்கு வடக்கே, வெறும் மணல் கரை. அலையாத்தி அங்கே வராது. என் தாத்தா காலத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருவும் ஒரு கோயிலும் இருந்தன. இப்போது எங்கள் வீடுதான் முதல் வீடு. போன வருடம் மாரியம்மனைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தோம். பூசாரி அழுதார். எங்களுக்குத் தேவை தூண்டில் வளைவு, கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு. கல் கொட்டினால் உடனே நிற்கிறது, கண்ணால் பார்க்கிறோம். செடி, கொடி என்று பேசினால் எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். கோபமாக எழுதவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

—

அடும்பு:

குப்பத்துப்_பிள்ளை தம்பி, உங்கள் கோயில் விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. நான் பதினைந்து வருடமாகத் தை, மாசி, பங்குனியில் ராத்திரி ராத்திரியாகப் பங்குனி ஆமை முட்டையைத் தேடி மணலில் நடக்கிறவள். கரை எங்கே எவ்வளவு போனது என்பது எங்கள் காலுக்குத் தெரியும்.

உங்கள் கரையைத் தின்றது கடல் மட்டும் அல்ல. நம் கரையில் சோழகக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வாடையில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை காணாமல் போனதும் அதனால்தான். புதுச்சேரியில் 80களின் இறுதியில் துறைமுகக் கல் நீட்டிய பிறகு நகரத்துக் கடற்கரையே போய்விட்டது. உங்கள் ஊருக்குப் போடும் வளைவு, வடக்கே அடுத்த குப்பத்தின் வீட்டை எடுக்கும். அவர்களும் வளைவு கேட்பார்கள். அதற்கு வடக்கே இன்னொரு ஊர்.

மணல் கரைக்கும் ஒரு காடு உண்டு, உயரம் குறைவு என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. முதலில் அடும்பங்கொடி, ஊதாப் பூவோடு அலை வரை ஓடும். அடுத்து ராவணன் மீசை, முள்ளு முள்ளாக. காற்றில் பறக்கும் மணலை இவை இரண்டும் பிடித்துப் பிடித்து மேடாக்கும். பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னை. நெய்தல் பாட்டில் வரும் அதே வரிசைதான். புயலில் அலை அந்த மேட்டைக் கரைக்கும், கரைந்த மணல் கடலுக்குள் திட்டாக நின்று அடுத்த அலையை உடைக்கும், வெயில் காலத்தில் மெல்லத் திரும்பும். மணல்மேடு என்பது கரையின் சேமிப்புக் கணக்கு.

சுனாமிக்குப் பிறகு உயிர்வேலி என்று மைல் கணக்கில் சவுக்கு நட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடத்தில் அலை தொடும் தூரம் வரை கொண்டுவந்து, மேட்டைச் சமன் செய்து நட்டார்கள். சவுக்கின் சருகு மெத்தை போல விழும், அடியில் அடும்பு வராது. ஆமை மேலே ஏறி வந்து வேரில் முட்டித் திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். முட்டை இடாமல் திரும்பிய தடம் அரை வட்டமாக மணலில் இருக்கும். சவுக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. விறகுக்கும் கம்புக்கும் ஊருக்கு வேண்டியதுதான். பின்னால் இருக்கட்டும், முன்னால் அடும்புக்கு விடுங்கள்.

—

குப்பத்துப்_பிள்ளை:

அக்கா, நீங்கள் சொன்ன வடக்கு–தெற்கு கணக்கு எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெற்கே கல் போட்டதால்தான் எங்கள் கரை போனது என்று எங்கள் பெரியவர்களே சொல்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலில் அலை நிற்கும்போது அடும்பு படரும் வரை காத்திருக்க முடியாது. மேடு கட்ட இடம் எங்கே இருக்கிறது? மணலே இல்லையே.

—

அலையளவு:

தம்பி சொல்வது சரி. மணல் இல்லாத இடத்தில் கொடி மட்டும் நட்டுப் பயன் இல்லை. அங்கே முதலில் மணல் வர வேண்டும். துறைமுகத்தின் தெற்கே அடைபட்டுக் கிடக்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவது உலகத்தில் பல இடத்தில் வழக்கமாக நடக்கிறது. புதுச்சேரியில் 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கு அடியில் ஒரு தடுப்பை வைத்து, மணலும் கொட்டி, ஒரு பகுதிக் கரையை மீட்டது. பல வருடமாக வெறும் கல்லாக இருந்த இடத்தில் மக்கள் மறுபடி மணலில் நடந்தார்கள். உங்கள் ஊர் மனுவில் "தூண்டில் வளைவு" என்று மட்டும் எழுதாமல் "தெற்கே தேங்கிய மணலை எங்களுக்குக் கொடுங்கள்" என்றும் எழுதுங்கள். அது வந்த பிறகு அடும்பு அக்காவைக் கூப்பிடுங்கள்.

—

கற்பிட்டி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், புத்தளம் களப்புப் பக்கம். உப்பனாறு எழுதிய மூங்கில் குச்சிக் கதையை வாசித்தபோது எங்களுடைய கதையை வாசித்தது போலவே இருந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் நாட்டில் கண்டல் (நீங்கள் அலையாத்தி என்பது) நடாத நிறுவனம் இல்லை. பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்கு நேரே போய்ப் பார்த்தார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் உருப்படியாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேர்தான். காரணம் நீங்கள் சொன்னதேதான்: பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது. கண்டல் ஒருநாளும் இல்லாத கரைகளில்கூட நட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. எண்பது, தொண்ணூறுகளில் கண்டலை வெட்டி இறால் குளங்கள் கட்டினார்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஏராளமான குளங்கள் கைவிடப்பட்டன. சில குளங்களில் வரம்பு தானாக உடைந்து களப்புத் தண்ணீர் உள்ளே போய்வரத் தொடங்கியது. யாரும் நடவில்லை, இப்போது கண்டல் நிற்கிறது. நிலத்தை நோக்கி விரிவாக்குங்கள் என்று அலையளவு கதைத்தாரே, அந்த நிலம் இந்தக் குளங்களாக இருக்கலாம். வரம்பை உடைக்க உரிமை யாருக்கு என்பதுதான் எங்களிடம் முடியாத வழக்காக நிற்கிறது.

—

பாமணியாறு:

கற்பிட்டி சகோதரருக்கு நன்றி. இங்கேயும் அதேதான். காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு சட்டம் மாறி, பண்ணைகள் பதிவு முறைக்குள் வந்தன. கைவிட்ட குட்டைகள் இன்றும் வெடித்த தரையாகக் கிடக்கின்றன, சீமைக் கருவேலம் ஏறியபடி. பட்டா யாரோ ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வெளியூரில் இருப்பார். 2,000 கோடியில் ஒரு பங்கை இந்தக் குட்டைகளை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ ஒதுக்கினால், வரப்பில் நாலு இடம் உடைத்தால் போதும். மீதியைக் கோரையாறு பார்த்துக்கொள்ளும்.

—

ஓரா:

கழிக்கும் மணலுக்கும் அப்புறம், தண்ணீருக்கு அடியிலும் ஒரு வயல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாக் நீரிணையில் தொழில் பார்க்கிறேன், நண்டு வலை.

கடற்புல் என்பது பாசி இல்லை. வேர் உண்டு, பூ உண்டு, நிலத்துப் புல்லைப் போலவே. குனிந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால் காற்றில் நெல் ஆடுவது போல அலையில் ஆடும். அதில்தான் நண்டுக் குஞ்சு, ஓரா, கடல்குதிரை, இறால் எல்லாம் வளர்கின்றன. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அதைத்தான். புல் இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும், அடி மண் கலங்காது, கரைக்கு வரும் அலை அடங்கி வரும். புல் போன இடத்தில் லேசான காற்றுக்கே கடல் கலங்கிவிடும்.

இழுவை மடி வலை ஒரு தடவை இழுத்தால் புல் வேரோடு வருகிறது. அப்படிப் போன இடத்தில், தஞ்சாவூர்க் கரையில் மனோரா பக்கம் நட்டுப் பார்த்தார்கள். முதலில் வேறு இடங்களில் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் சணல் கட்டி நட்டார்கள். இங்கே மூங்கில் சட்டம், குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு. நல்ல புல்வெளியில் இருந்து கொஞ்சமாகக் கிள்ளிய நாற்றை முடிச்சில் சொருகி அடியில் இறக்கி வைப்பார்கள். நாற்று வேர் பிடிப்பதற்குள் கயிறு மட்கிவிடும், எடுக்க வேண்டியதில்லை. நெல் நாற்று மாதிரிதான்: கலங்கிய சேற்றில் பிடிக்காது, வெளிச்சம் வேண்டும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கி.மீ. கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தது. ஆவுளியா வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறவர்களுக்கு இழப்பீடும் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களில் பலர் மனதார விடுகிறார்கள். ஆனால் பகலில் நாற்று நட்ட இடத்தில் ராத்திரி இழுவை மடி போனால் என்ன பயன்? நடுவது ஒரு பங்கு வேலை, காவல் மூன்று பங்கு.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பாடத்தில் படித்தோம். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்ததன் கூலி. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது, 2013 வாக்கில் இரண்டு ஹெக்டேர் சொச்சம். கடல் பக்கமாகத் துளை போட்ட கான்கிரீட் அமைப்புகளை இறக்கி வைத்த பிறகு அரிப்பு மட்டுப்பட்டது. அவற்றில் பவளம் ஒட்டுகிறது, மீன் அண்டுகிறது. தீவு இல்லாவிட்டால் கடல் நேராகத் தூத்துக்குடிக் கரைக்கு வரும்.

—

நிலா_கடலூர்:

காடு பிடித்து வைக்கும் கார்பனுக்கு விலை வைத்து விற்கலாம், கார்பன் வரவு என்று பேசுகிறார்களே, அதில் ஊருக்கு ஏதாவது வருமா?

—

அலையளவு:

வர வைக்கலாம். கென்யாவில் காஸி (Gazi) விரிகுடா என்ற இடத்தில் ஊர்க்காரர்களே 117 ஹெக்டேர் அலையாத்தியைப் பார்த்துக்கொண்டு, 2013 முதல் அதன் கார்பனை விற்று, அந்தப் பணத்தில் குடிநீரும் பள்ளிப் புத்தகமும் வாங்குகிறார்கள். ஊர்க்குழு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்பதால் பணம் ஊருக்கு வருகிறது. நம் காடு பெரும்பாலும் அரசுக் காப்புக்காடு. கூட்டு மேலாண்மைக் குழு என்று கிராமத்தில் இருப்பதை உயிரோடு வைத்திருந்தால்தான் இங்கே அந்தப் பேச்சையே தொடங்க முடியும்.

—

உப்பனாறு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி போட்டேன், ஒரு கடற்கரையே வந்து பேசிவிட்டது.

உங்கள் பதில்களைப் படித்துவிட்டுப் போன ஞாயிறு மறுபடி அந்தத் திடலுக்குப் போனேன். நண்டு வலைப் பெரியவரைத் தேடிப் பிடித்தேன். மரம் எந்தக் காலத்தில், எங்கே இருந்தது என்று இந்த முறை நான் கேட்டேன். திடலுக்குப் பின்னால் சாலையை ஒட்டி ஒரு பள்ளத்தைக் காட்டினார். தில்லை மரம் நின்ற இடமாம். பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சிறுவயதில் அந்தப் பக்கம் விட மாட்டார்களாம். சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம், இன்று அந்தப் பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. சாலை போட்டபோது அடியில் வைத்த சிமெண்டுக் குழாய் மண்ணடைத்துக் கிடக்கிறது. குனிந்து கை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை சேறு. இந்தப் பக்கம் ஓதம் ஏறி இறங்குகிறது, அந்தப் பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. நடுவே ஒரு குழாய்தான்.

நாங்கள் நட்டதற்குச் செலவான பணத்தில் அந்தக் குழாயை எத்தனை முறை சுத்தம் செய்திருக்கலாம் என்று கணக்குப் போடவே மனம் வரவில்லை.

கிள்ளைத் தம்பி, அடுத்து என்ன செய்ய வேண்டும்? மண்வெட்டியோடு போகலாமா?

—

சுரபுன்னை_கிள்ளை:

அண்ணே, மண்வெட்டி வேண்டாம். அது வனத்துறை இடமா, வருவாய்த்துறை இடமா என்று முதலில் கேளுங்கள். அலையாத்தி இருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண் எடுக்கக் கூடாது. வனக்காப்பாளரிடமும் ஊர்ப் பஞ்சாயத்திலும் சொல்லிவிடுங்கள், பெரியவரையும் கூட வரச் சொல்லுங்கள்.

வருகிற அமாவாசைக்கு நானும் அப்பாவும் வருகிறோம். சாலைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு குச்சி, சாண் கணக்கில் கோடு போட்டது. ஓதம் உச்சிக்கு வரும்போது எந்தக் கோட்டில் நிற்கிறது, வற்றத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எழுதுவோம். பௌர்ணமிக்கு இன்னொரு முறை. அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, சேற்றில் இறங்க மாட்டார். கரையில் உட்கார்ந்து சொல்வார்.

—

உப்பனாறு:

அந்தத் திடலில் நிற்கும் மூங்கில் குச்சியிலேயே நாலைப் பிடுங்கிக் கழுவி, கொட்டலசு சுரண்டி, கோடு போட்டு வைக்கிறேன். அமாவாசைக்கு வந்துவிடுங்கள், சாப்பாடு என் வீட்டில்.